அமெரிக்க ஜனாதிபதி வீட்டம்மாவுக்கு அதிகாரம் இருக்கா?

கேட்ட கேள்வி இதுதான்: "அமெரிக்க ஜனாதிபதியோட மனைவிக்கு நெஜமாவே ஏதாச்சும் பவர் இருக்கா, இல்ல சும்மா ரிப்பன் வெட்டி போட்டோவுக்கு சிரிக்கிறது மட்டும்தானா? அப்படியே சுவாரஸ்யமான கதை ஏதும் தெரிஞ்சா சேத்து சொல்லுங்க."

சட்டப்படி பாத்தா ஒரே வரியில முடிச்சிடலாம், ஒண்ணும் கிடையாது. சம்பளம் கிடையாது, பதவிப் பிரமாணம் கிடையாது, அவங்க அரசியல் சட்டத்துல ஃபர்ஸ்ட் லேடிங்கற வார்த்தையே கிடையாது. ஆனா ஜனாதிபதி படுத்திருக்கற ரூம் கதவை யாரு தொறக்கறாங்க, யாரு சாத்தறாங்கன்னு பாத்தீங்கன்னா அங்க வேற கதை ஓடும். நான் இந்த மாதிரி விஷயங்கள ரொம்ப வருஷமா தேடித் தேடி படிக்கிற ஆளு, ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன், காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல எடித் வில்சன். ஜனாதிபதி வுட்ரோ வில்சனோட ரெண்டாவது மனைவி. மொத மனைவி எலன் 1914 ஆகஸ்ட்ல வெள்ளை மாளிகையிலயே இறந்துட்டாங்க, மனுஷன் ஒடைஞ்சு போயிட்டாரு, ஆனா அடுத்த வருஷமே எடித்த பாத்தாரு, 1915 டிசம்பர்ல கல்யாணம். எடித் ஒரு விதவை, வாஷிங்டன்ல புருஷன் விட்டுட்டுப் போன பெரிய நகைக்கடைக்கு சொந்தக்காரங்க. பள்ளிக்கூடப் படிப்பு மொத்தமே ரெண்டு மூணு வருஷம்தான். இத ஏன் சொல்றேன்னா, நாலு வருஷம் கழிச்சு உலகத்துலயே பெரிய வல்லரசோட ஃபைல் எல்லாம் இவங்க கை வழியாத்தான் போகப்போகுது.

1919-ல முதல் உலகப்போர் முடிஞ்சு வில்சன் சர்வதேச சங்கம் (இப்ப ஐ.நா. மாதிரி) அமைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, செனட், அதாவது அவங்க பார்லிமென்ட்டோட மேல்சபை, ஒத்துக்க மாட்டேங்குது, சரி நேரா மக்கள்கிட்டயே போறேன்னு ரயில் ஏறி ஊர் ஊரா பேசிட்டே போறாரு. செப்டம்பர் 25-ஆம் தேதி கொலராடோல பியூப்ளோங்கற ஊர்ல பேசினதுக்கு அப்புறம் உடம்பு தாங்கல, டூரை பாதியில நிறுத்தி கூட்டிட்டு வந்துட்டாங்க. அக்டோபர் 2 காலையில பெரிய ஸ்ட்ரோக். இடது பக்கம் முழுக்க செயலிழந்து போச்சு. இப்ப வெளிய என்ன சொன்னாங்க தெரியுமா? நரம்புத் தளர்ச்சி, ஓய்வு வேணும், அவ்வளவுதான். மந்திரிகளுக்கே உண்மை சொல்லல, துணை ஜனாதிபதி தாமஸ் மார்ஷலுக்கும் முறைப்படி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. டாக்டர் கேரி கிரேசனும் எடித்தும் கதவை சாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் பல மாசத்துக்கு எந்த ஃபைல் வந்தாலும் மொதல்ல எடித்கிட்ட. அவங்க படிச்சுப் பாத்து, இது அவருக்குப் போகலாம், இது வேண்டாம்னு பிரிப்பாங்க. உள்ள போன காயிதம் திரும்பி வரும்போது ஓரத்துல எடித் கையெழுத்துல "ஜனாதிபதி இப்படி சொல்றார்"னு எழுதியிருக்கும். ஜனாதிபதி சொன்னாரா, அம்மணி சொன்னாங்களான்னு யாரு போய் கேக்கறது? பல கடுதாசிங்க உள்ள போனதோட சரி, பதிலே வரல. பின்னாடி அவங்க சுயசரிதையில, நான் ஒரு முடிவும் எடுக்கல, எது முக்கியம், எத எப்ப அவர்கிட்ட காட்டணும்ங்கறத மட்டும்தான் முடிவு பண்ணேன்னு எழுதினாங்க. அம்மா, அதுக்குப் பேருதாம்மா அதிகாரம்!

செனட்டுக்கு சந்தேகம் வந்து டிசம்பர்ல ரெண்டு பேர நேர்ல பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிச்சாங்க, ஒருத்தர் ஆல்பர்ட் ஃபால், வில்சனுக்கு ஆகவே ஆகாத ஆளு. படுக்கையில சாய்ச்சு உக்கார வெச்சு, வெளங்காத இடது கைய போர்வைக்குள்ள மறைச்சு, பேப்பர எல்லாம் வலது கை பக்கம் எட்டற மாதிரி வெச்சு, பக்காவா செட் போட்டு வெச்சிருந்தாங்க. ஃபால் உள்ள வந்து, உங்களுக்காக நாங்க எல்லாம் பிரார்த்தனை பண்ணிட்டிருக்கோம்னாரு. வில்சன் பட்டுனு, எந்தப் பக்கமா பிரார்த்தனை, செனட்டர்னு கேட்டாராம். எடித் கையில நோட்டும் பென்சிலும் வெச்சுக்கிட்டு பேசறத எல்லாம் எழுதிட்டே நின்னாங்க, ஏன்னா ரெண்டு கையும் வேலையா இருந்தா அந்தாளுக்கு கை குடுக்க வேண்டியதில்ல பாருங்க. இந்த ஃபால்தான் பின்னாடி மந்திரியாகி, எண்ணெய் நிலத்த குத்தகைக்கு விடறதுல லஞ்சம் வாங்கி ஜெயிலுக்குப் போனாரு, அது தனிக்கதை.

இன்னொரு சம்பவம்தான் எனக்கு உச்சம். பிரிட்டிஷ் தூதரா எட்வர்ட் கிரேன்னு பெரிய மனுஷன் வந்திருந்தாரு, சர்வதேச சங்கத்துக்கு ரொம்ப வேண்டியவர், செனட்டோட சமரசம் பேச உதவியிருப்பாரு. ஆனா அவர் ஆஃபீஸ்ல இருந்த ஒரு அதிகாரி முன்னாடி எப்பவோ ஒரு பார்ட்டியில எடித்தையும் வில்சனையும் வெச்சு ஒரு மட்டமான படுக்கையறை ஜோக் அடிச்சிருக்கான். அது அம்மணி காதுக்கு வந்துடுச்சு. அவன ஊருக்கு அனுப்புங்கன்னாங்க, கிரே அனுப்பல. அவ்வளவுதான், கிரே மாசக்கணக்கா வாஷிங்டன்ல காத்திருந்துட்டு ஜனாதிபதிய ஒரு தடவ கூட பாக்காமலேயே லண்டன் திரும்பிட்டாரு. சர்வதேச சங்கத்துல சேர்ற ஒப்பந்தமும் செனட்ல தோத்துப் போச்சு. ஒரு ஜோக்காலதான் தோத்துச்சுன்னு சொல்லமாட்டேன், வில்சனோட பிடிவாதம்தான் பெரிய காரணம், ஆனா கதவு சாத்தியிருந்ததும் ஒரு காரணம். ஜனாதிபதி செயல்பட முடியாம போனா என்ன பண்றதுங்கறத தெளிவா எழுதி வெக்கிற 25-ஆவது திருத்தம் 1967-லதான் வந்துச்சு. எடித் 1961 வரைக்கும் இருந்தாங்க, கென்னடி பதவியேற்புக்குக் கூட போனாங்க.

அடுத்து நான்சி ரீகன். இது நம்மாளுங்களுக்கு ரொம்ப புடிக்கும். 1981 மார்ச் 30, ரீகன் பதவிக்கு வந்து 69 நாள்தான் ஆகுது, ஹோட்டல் வாசல்ல சுட்டுட்டாங்க, குண்டு இதயத்துக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த நான்சிகிட்ட மனுஷன், "கண்ணு, குனிய மறந்துட்டேன்"னாரு, ஆபரேஷன் டாக்டர்ங்கள பாத்து நீங்க எல்லாம் ரிபப்ளிகன் கட்சிதானேன்னு கேட்டாரு. அவருக்கு விளையாட்டு, அந்தம்மாவுக்கு வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. சான் ஃபிரான்சிஸ்கோல ஜோன் குவிக்லின்னு ஒரு ஜோசியக்கார அம்மா, அன்னிக்கு ஆபத்துன்னு என்னால முன்னாடியே சொல்லியிருக்க முடியும்னு சொல்ல, நான்சி அன்னிலேருந்து போனும் கையுமா இருந்தாங்க. ஜனாதிபதி எப்ப விமானம் ஏறணும், எப்ப பேட்டி குடுக்கணும், எல்லாம் அங்க கேட்டுத்தான்.

வெள்ளை மாளிகை தலைமை அதிகாரியா இருந்த டொனால்ட் ரீகன் (ஜனாதிபதிக்கு சொந்தமில்ல, இங்கிலீஷ்ல எழுத்தும் வேற) மேஜை மேல ஒரு காலண்டர் வெச்சிருந்தாரு: பச்சை மை நல்ல நாள், சிவப்பு கெட்ட நாள், மஞ்சள் சுமார். நம்ம வீட்டு தினசரி காலண்டர்ல ராகு காலம் எமகண்டம் பாக்கறோம்ல, அதே கதைதான், என்ன அங்க அணு ஆயுத ஒப்பந்தத்துக்கு பாத்திருக்காங்க. 1987 டிசம்பர் 8-ஆம் தேதி சோவியத் தலைவர் கோர்பசேவோட கையெழுத்து போட்ட நேரம் மதியம் 1:45, அதையும் குவிக்லிதான் குறிச்சுக் குடுத்தாங்கன்னு சொல்றாங்க. இந்த டொனால்ட் ரீகனுக்கும் நான்சிக்கும் முட்டிக்கிச்சு, 1987-ல ஆளு வெளிய. அடுத்த வருஷம் புத்தகம் எழுதி ஜோசிய விஷயத்த போட்டு ஒடைச்சுட்டாரு. ஊரே சிரிச்சுது. நான் சிரிக்க மாட்டேன், எங்க வீட்ல பைக் டெலிவரி எடுக்கவே நாள் பாத்தாங்க.

சரி, புருஷனோட நோவ மறைக்கிறது எடித்தோட ஆரம்பிச்சதுன்னு நெனைக்காதீங்க. க்ரோவர் கிளீவ்லேண்ட் கதைய கேளுங்க. இவரு கல்யாணம் ஆகாமலே ஜனாதிபதி ஆனவர். 1886 ஜூன் 2-ஆம் தேதி வெள்ளை மாளிகையிலயே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, ஜனாதிபதியா இருக்கும்போது அந்த வீட்டுக்குள்ளயே தாலி கட்டினது (அவங்க ஊர்ல மோதிரம்) இவர் ஒருத்தர்தான். மாப்பிள்ளைக்கு 49, பொண்ணு ஃபிரான்சஸுக்கு 21. கொஞ்சம் நெருடலான விஷயம் என்னன்னா, அந்தப் பொண்ணு அவரோட இறந்துபோன நண்பர் மகள், அது பொறந்தப்ப தள்ளுவண்டி வாங்கிக் குடுத்ததே இவருதான். பத்திரிகைக்காரங்க தேனிலவுக்குப் போன இடத்துல பைனாகுலர் வெச்சு புதர்ல உக்காந்துட்டாங்க. ஃபிரான்சஸ் மேல ஊருக்கே பைத்தியம், சோப்புலேருந்து மருந்து வரைக்கும் கேக்காமலே அவங்க படத்த போட்டு விளம்பரம் பண்ணாங்க. 1888 தேர்தல்ல கிளீவ்லேண்டுக்கு மக்கள் ஓட்டு அதிகம் விழுந்தும் தோத்துட்டாரு. வீட்ட காலி பண்ணும்போது ஃபிரான்சஸ் வேலையாள்கிட்ட, மேஜை நாற்காலி எல்லாம் பத்திரமா பாத்துக்கோங்க, சரியா நாலு வருஷத்துல திரும்பி வருவோம்னு சொன்னாங்களாம். 1893-ல வந்தாங்க. இடைவெளி விட்டு ரெண்டாவது தடவ ஜெயிச்ச கணக்குல ட்ரம்ப் வர்ற வரைக்கும் அவர் மட்டும்தான் இருந்தாரு.

வந்த கையோட வாய்க்குள்ள மேல் அண்ணத்துல கட்டி. புற்றுநோய்ன்னு டாக்டருங்களுக்கு சந்தேகம். அந்த வருஷம் நாடு முழுக்க பேங்க் எல்லாம் திவாலாகிட்டிருக்கு, ஜனாதிபதிக்கு கேன்சர்னு செய்தி போச்சுன்னா மார்க்கெட் மொத்தமா விழுந்துடும், போதாக்குறைக்கு துணை ஜனாதிபதி ஸ்டீவன்சன் வெள்ளி நாணய விஷயத்துல இவருக்கு நேர் எதிர் அணி. அதனால என்ன பண்ணாங்க, நண்பரோட உல்லாசப் படகு ஒனைடால மீன் புடிக்கப் போறேன்னு கெளம்பி, 1893 ஜூலை 1-ஆம் தேதி நியூயார்க் பக்கம் ஓடிட்டிருக்கற படகுலயே ஆபரேஷன்! நாற்காலிய பாய்மரத் தண்டோட சேத்துக் கட்டி, மயக்க மருந்து குடுத்து, மேல் தாடை இடது பக்கத்த வெட்டி எடுத்தாங்க, பல்லு அஞ்சு போச்சு. எல்லாத்தையும் வாய் வழியாவே பண்ணாங்க, வெளிய ஒரு தழும்பு கிடையாது, அவரோட புகழ்பெத்த மீசைக்கு ஒண்ணும் ஆகல. ரப்பர்ல ஒரு அடைப்பு செஞ்சு உள்ள மாட்டினதும் பேச்சு பழையபடி வந்துடுச்சு. கடலோர வீட்ல மாசமா இருந்த ஃபிரான்சஸும் இந்த நாடகத்துல பங்கு, வெளிய சொன்னது வாதக்கோளாறு, பல் தொந்தரவு.

இத கண்டுபுடிச்சு எழுதின எட்வர்ட்ஸ்ங்கற நிருபர எல்லாரும் சேந்து பொய்யன்னு சொல்லி பேர நாறடிச்சாங்க. 24 வருஷம் கழிச்சு 1917-ல, கிளீவ்லேண்ட் இறந்து பல காலம் ஆனப்புறம், ஆபரேஷன் பண்ண டாக்டர்ல ஒருத்தரே எழுந்து, அவன் எழுதினது அத்தனையும் உண்மைன்னு எழுதினாரு. அந்த நிருபர் அதப் பாக்க உயிரோட இருந்தாருங்கறது ஒரு ஆறுதல்.

டாக்டருங்க கதைன்னா இன்னொண்ணும் இருக்கு, இது மறைச்சதவிட மோசம். 1881-ல ஜனாதிபதி கார்ஃபீல்ட சுட்டப்ப, குண்டு எங்கன்னு டாக்டர் ப்ளிஸ் அண்ட் கோ கழுவாத விரல விட்டு நோண்டினாங்க. டெலிபோன் கண்டுபுடிச்ச கிரகாம் பெல் உலோகம் தேடற மெஷின் ஒண்ணு செஞ்சு கொண்டு வந்தாரு, படுக்கையில இரும்பு ஸ்பிரிங் இருந்ததால அது குழம்புச்சு, அதுக்கு மேல ப்ளிஸ் வலது பக்கம் மட்டும்தான் தேடணும்னு பிடிவாதம், குண்டு இருந்தது இடது பக்கம். 79 நாள் துடிச்சு செப்டம்பர்ல சீழ் வெச்சு செத்தாரு. சுட்டவன் கோர்ட்ல, நான் சுட்டேன், கொன்னது டாக்டர்ங்கன்னு சொன்னான், பாதி உண்மைதான். இன்னொண்ணு, கார்ஃபீல்ட சுட்ட ரயில் நிலையத்துல அப்ப நின்னவர்ல ஒருத்தர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனோட மகன். 1901-ல ஜனாதிபதி மெக்கின்லிய சுட்ட பஃபலோ கண்காட்சிக்கும் அன்னிக்கு அவர் வந்திருந்தாரு. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த மெக்கின்லி பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். அவர் மனைவி ஐடாவுக்கு வலிப்பு நோய். அரசு விருந்துல மனைவி கணவன் பக்கத்துல உக்காரக்கூடாதுங்கறது மரபு, இவர் அத மாத்தி பக்கத்துலயே உக்கார வெச்சுக்குவாரு, வலிப்பு வந்தா கைக்குட்டைய எடுத்து அவங்க முகத்த மூடிட்டு, முடிஞ்சதும் எடுத்துட்டு, பேச்ச விட்ட இடத்துலேருந்து தொடருவாரு. தன் வயித்துல குண்டு பாஞ்சப்ப செயலாளர்கிட்ட அவர் சொன்னது, என் மனைவிகிட்ட பாத்து பதமா சொல்லுங்கன்னு.

இப்ப டாலி மேடிசன். இவங்க கதை எல்லாருக்கும் பாதி தெரியும். 1814 ஆகஸ்ட் 24, பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள்ள வருது, புருஷன், ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் ஊருக்கு வெளிய போர்க்களத்துப் பக்கம், டாலி தனியா வீட்ல, ஓடறதுக்கு முன்னாடி ஜார்ஜ் வாஷிங்டனோட பெரிய ஓவியத்த காப்பாத்தினாங்க. பள்ளிக்கூடப் படங்கள்ல அவங்களே கத்தியால வெட்டி சுருட்டி எடுத்துட்டு ஓடற மாதிரி போடுவாங்க. அது அப்படி இல்ல. அந்த வீட்ல அடிமையா இருந்த பால் ஜென்னிங்ஸ், அப்ப 15 வயசுப் பையன், 1865-ல தன் நினைவுகள வெளியிட்டாரு, வெள்ளை மாளிகை உள்ளேருந்து வந்த மொத நினைவுக் குறிப்பே அதுதான்னு சொல்வாங்க. அவர் சொல்றாரு, அம்மா கையில கெடைச்ச வெள்ளிச் சாமானத்த பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனாங்க, படத்த எறக்கினது வாயில்காப்பாளரும் தோட்டக்காரரும். படத்தோட சட்டத்த சுவத்துல திருகி இருந்ததால அத ஒடைச்சுத்தான் எடுக்க முடிஞ்சுது, ஒடைங்கன்னு உத்தரவு போட்டது டாலிதான், அந்தப் பேரு அவங்களுக்குப் போகட்டும். மேஜை மேல மதிய சாப்பாடு எடுத்து வெச்சது வெச்சபடி இருந்துச்சு, பிரிட்டிஷ் சிப்பாய்ங்க வந்து உக்காந்து நல்லா சாப்புட்டு, ஒயின குடிச்சு, அப்புறம் வீட்டுக்கு தீ வெச்சாங்க.

ஆனா என் மனசுல நிக்கிறது இதுக்குப் பின்னாடி நடந்தது. மேடிசன் இறந்தப்புறம் டாலிக்கு மொத கல்யாணத்துல பொறந்த மகன் தறுதலையா சுத்தி சொத்த அழிச்சான், டாலி எஸ்டேட்ட வித்தாங்க, ஜென்னிங்ஸையும் வித்தாங்க. செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் பணம் கட்டி அவர விடுவிச்சாரு, மாசம் 8 டாலர் கழிவுல வேலை பாத்து அடைச்சுக்கோன்னு ஏற்பாடு. அந்த நேரத்துல டாலி சாப்பாட்டுக்கே கஷ்டம். வெப்ஸ்டர் வீட்லேருந்து கூடையில சாமான் குடுத்தனுப்புவாரு, அத தூக்கிட்டுப் போனது ஜென்னிங்ஸ். அப்பப்ப தன் பாக்கெட்லேருந்தும் சின்னத் தொகை வெச்சுட்டு வந்ததா அவரே எழுதியிருக்காரு. தன்ன வித்த அம்மாவுக்கு! இதப் படிச்சன்னிக்கு எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

எலினார் ரூஸ்வெல்ட் பத்தி எழுதினா தனி புத்தகம் ஆகும், அதனால ரெண்டே ரெண்டு. 1933 மார்ச்ல புருஷன் பதவியேத்து ரெண்டே நாள்ல பத்திரிகையாளர் சந்திப்பு ஆரம்பிச்சாங்க, நிபந்தனை என்னன்னா பெண் நிருபர்ங்களுக்கு மட்டும்தான் அனுமதி. பொருளாதார மந்தத்துல ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டிருந்த காலம், மொதல்ல போறது பொம்பளைங்க வேலைதான். இப்ப வெள்ளை மாளிகை செய்தி வேணும்னா ஒரு பொண்ண வேலைக்கு வெச்சே ஆகணும். ஒரு சட்டமும் போடாம எத்தனை பேர் வேலைய காப்பாத்தியிருக்காங்க பாருங்க! ரெண்டாவது, சாப்பாடு. ஊரு பட்டினி கெடக்கும்போது நாம விருந்து சாப்புடக்கூடாதுன்னு ஒரு ஆளுக்கு ஏழரை சென்ட் செலவுல மதிய சாப்பாடு போட்டுக் காட்டினாங்க: தக்காளி சாஸ் ஊத்தின முட்டை, மசிச்ச உருளைக்கிழங்கு, ப்ரூன் பழ புட்டிங், காபி. நல்ல எண்ணம்தான். ஆனா ஹென்ரியெட்டா நெஸ்பிட்னு ஒரு வீட்டு நிர்வாகிய கொண்டு வந்து வெச்சு, பன்னெண்டு வருஷம் அந்த வீட்டு சாப்பாடு வாஷிங்டன்லயே பேர்போன மோசம், விருந்துக்கு கூப்புட்டா வீட்லயே சாப்புட்டுட்டுப் போவாங்களாம். உலகப்போரையே நடத்தின மனுஷனால தன் வீட்டு சமையலறைய மாத்த முடியல. அதிகாரம் யார்கிட்டன்னு கேட்டீங்கள்ல.

எலினாருக்கு முன்னாடி இருந்த லூ ஹூவர யாரும் பேசறதில்ல, ஸ்டான்ஃபோர்டுல ஜியாலஜி படிச்சவங்க, புருஷன் ஹெர்பர்ட் சுரங்க எஞ்சினியரா சீனாவுல வேலை பாத்தப்ப மாண்டரின் கத்துக்கிட்டாங்க. வெள்ளை மாளிகையில வேலையாளுங்களுக்குத் தெரியக்கூடாத விஷயம்னா ரெண்டு பேரும் சீன பாஷையில பேசிக்குவாங்க. புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னா இங்கிலீஷ்ல பேசிக்கிற நம்ம வீட்டு அப்பா அம்மா மாதிரியே.

நடுவுல கொஞ்சம் கப்சாவையும் கழிச்சிடறேன், ஏன்னா இது வாட்ஸ்ஆப்ல இன்னும் சுத்துது. லிங்கன் கென்னடி ஒற்றுமைகள்னு ஒரு லிஸ்ட் இருக்குல்ல, நான் ஸ்கூல்ல நோட்டுல எழுதி வெச்சு எல்லாருக்கும் காட்டியிருக்கேன். 1860, 1960 தேர்தல் உண்மை, ரெண்டு பேருக்கும் அடுத்து வந்தவர் ஜான்சன், 1808, 1908 பொறப்பு, உண்மை. கென்னடியோட செயலாளர் பேரு எவலின் லிங்கன், அதுவும் உண்மை. ஆனா லிங்கனுக்கு கென்னடின்னு ஒரு செயலாளர் இருந்து தியேட்டருக்குப் போகாதீங்கன்னு சொன்னார்ங்கறது சுத்த ரீல், அவர் செயலாளருங்க நிக்கோலே, ஹே. சுட்டவங்க பொறந்த வருஷம் 1839, 1939ன்னு போட்டிருக்கும், லிங்கன சுட்ட பூத் பொறந்தது 1838. வாஷிங்டனோட மரப்பல்லும் பொய், யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், உலோகம், அப்புறம் மனுஷப் பல்லு, அதுல அடிமைகள்கிட்டேருந்து விலைக்கு வாங்கின பல்லும் இருந்திருக்கலாம்னு நெனைக்க அவரோட கணக்குப் புத்தகமே இடம் குடுக்குது. ஜனாதிபதி டாஃப்ட் குளியல் தொட்டியில மாட்டிக்கிட்டாருங்கறதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, கதை அவர் இறந்தப்புறம்தான் புத்தகத்துல வந்துச்சு, ஆனா அவருக்குன்னு செஞ்ச தொட்டியில நாலு ஆளு உக்காந்து எடுத்த போட்டோ நெஜம். அந்த குண்டு மனுஷன கிண்டல் பண்றவங்க, அவர் மனைவி ஹெலனுக்கு பதவியேத்த ரெண்டே மாசத்துல ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனப்ப, நாட்டையும் பாத்துக்கிட்டு, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா அவங்களுக்குத் திரும்ப சொல்லிக் குடுத்ததையும் சேத்துச் சொல்லணும். வாஷிங்டன்ல வசந்தத்துல ஜனங்க கூட்டம் கூட்டமா போய் பாக்கற செர்ரி மரங்களுக்கு ஆரம்பம் அந்த ஹெலன்தான். ஜப்பான்லேருந்து 1910-ல வந்த மொத 2,000 கன்னு பூச்சி விழுந்து எரிக்க வேண்டியதாப் போச்சு, 1912-ல வந்த 3,020 கன்னு தப்பிச்சுது.

ட்ரூமன் குடும்பத்துல வீடே இடிய பாத்துச்சு. 1948-ல மகள் மார்கரெட்டோட பியானோ கால் தரைய ஓட்டை போட்டு எறங்கிடுச்சு, எஞ்சினியருங்க பாத்துட்டு இந்த மாடி பழக்கத்துலதான் நிக்குதுங்கற மாதிரி சொன்னாங்க, வெளிச்சுவர மட்டும் விட்டுட்டு உள்ள மொத்தமும் பிரிச்சு இரும்புச் சட்டம் போட்டு கட்டி முடிக்க 1952 ஆச்சு. அதே மார்கரெட் கச்சேரிய ஒரு விமர்சகர் 1950-ல கிழிச்சு எழுதினப்ப, அப்பா ஜனாதிபதிங்கறத மறந்துட்டு, உன்ன நேர்ல பாத்தேன்னா உனக்கு புது மூக்கு தேவைப்படும்னு கடுதாசி எழுதி, ஆஃபீஸ் ஆளுங்க தடுத்துருவாங்கன்னு தானே ஸ்டாம்ப் ஒட்டி போஸ்ட் பண்ணாரு. அம்மா பெஸ் ட்ரூமன் நேர் எதிர், வாயே தொறக்க மாட்டாங்க. பேட்டி கிடையாது. ஒரு கிறிஸ்துமஸ் சமயம் புருஷனுக்கு தான் எழுதின பழைய கடுதாசிங்கள அடுப்புல போட்டு எரிச்சிட்டிருந்தாங்களாம், ட்ரூமன் பதறிப்போய் என்ன பண்ற, வரலாற நெனச்சுப் பாருன்னாரு. அதத்தான் நெனச்சேன்னு சொல்லிட்டு அடுத்த கட்ட எடுத்துப் போட்டாங்க. அவர் அவங்களுக்கு எழுதினது 1,300-க்கு மேல இருக்கு, அவங்க எழுதினது கொஞ்சம்தான் தப்பிச்சுது.

கடைசியா பெட்டி ஃபோர்டு, எனக்கு எல்லாரையும் விட புடிச்சவங்க. புருஷன் ஜெரால்டு ஃபோர்டு எந்த தேசியத் தேர்தல்லயும் நிக்காமலே, நிக்ஸன் ராஜினாமா பண்ணிட்டுப் போனதால ஜனாதிபதி ஆனவர். வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, 1974 செப்டம்பர்ல பெட்டிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன். அந்த வார்த்தைய அப்ப பேப்பர்ல கூட முழுசா எழுதமாட்டாங்க. இவங்க வெளிப்படையா சொல்லிட்டாங்க, கிளீவ்லேண்ட் படகுலேருந்து எவ்வளவு தூரம் வந்துட்டோம் பாருங்க. நாடு முழுக்க பொம்பளைங்க பரிசோதனைக்கு வரிசையில நின்னாங்க, அதுல துணை ஜனாதிபதியா வரப்போற ராக்கஃபெல்லரோட மனைவியும் ஒருத்தர், அவங்களுக்கும் கட்டி இருக்கறது சில வாரத்துல கண்டுபுடிச்சாங்க. மந்திரி சபையில ஒரு பொண்ண போடுங்க, சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு பொண்ண போடுங்கன்னு புருஷன விடாம நச்சரிப்பாங்க, எப்படிம்மா சாதிக்கறீங்கன்னா, தலையணை மந்திரம்தான்னு சிரிச்சுட்டே பதில். மந்திரி சபைக்கு கார்லா ஹில்ஸ் வந்தாங்க, கோர்ட் மட்டும் நடக்கல. 1975-ல டிவி பேட்டியில மகள் காதல், கஞ்சா, கருக்கலைப்புன்னு எல்லாத்துக்கும் மனசுல பட்டத சொல்லிட்டாங்க, ஃபோர்டு அதப் பாத்துட்டு ஒரு கோடி ஓட்டு போச்சுன்னாரு, மறுநாள் பேப்பர்ல படிச்சுட்டு, இல்ல ரெண்டு கோடின்னாரு. 1976-ல உண்மையாவே தோத்தாரு. பிரச்சாரத்துல கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போச்சு, தோல்விய ஒத்துக்கற செய்திய கேமரா முன்னாடி நின்னு படிச்சது பெட்டிதான்.

1977 ஜனவரி 19, மறுநாள் வீட்ட காலி பண்ணணும். எல்லாருக்கும் பை சொல்லிட்டு வந்திட்டிருந்தவங்க, ஆளில்லாத மந்திரி சபை அறைய எட்டிப் பாத்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மார்த்தா கிரகாம்கிட்ட டான்ஸ் கத்துக்கிட்டவங்க அவங்க. கூட இருந்த போட்டோகிராபர் டேவிட் கென்னர்லிய பாத்து, இந்த மேஜை மேல ஆடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைன்னாங்க. செருப்ப கழட்டிப் போட்டுட்டு ஏறிட்டாங்க. நோட்பேடு, சாம்பல் கிண்ணம், பென்சில் எல்லாம் அது அது இடத்துல இருக்கு, நடுவுல இவங்க கைய விரிச்சு, ஒரு கால மடிச்சு நிக்கிறாங்க. அந்த போட்டோவ தேடிப் பாருங்க, கண்டிப்பா பாருங்க.